1,24,300 ஓடிய காரும் 38,400 காட்டிய காரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் கூடப் போய்ப் பார்த்துச் சொல்வதும் உண்டு. 2024இல் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பேராசிரியை தன் காரை விற்று வேறொன்று வாங்கினார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை உடனிருந்தேன். விற்றபோதும் வாங்கியபோதும் பேச்சு ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தது: வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது? அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்கள், கடைகள், வண்டி எண்கள் எதையும் குறிப்பிடவில்லை.

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதுதான். நான் இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. வண்டி மொத்தம் ஓடிய தூரத்தை வியாபாரிகள் 'ஓட்டம்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவருடையது 2018 மாடல் மாருதி டிசையர் டீசல், புதிதாக வாங்கி அவரே ஓட்டியது. வீடு திருச்சியில், வேலை தஞ்சாவூர்ப் பக்கம். போக வர ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டருக்குக் குறையாது. கொரோனா காலத்தில் கல்லூரி மூடியிருந்த மாதங்களைக் கழித்தும் 2024 ஆகஸ்டில் மீட்டர் 1,24,300 காட்டியது. அந்த வருடம் திருச்சியிலேயே ஒரு கல்லூரிக்கு மாறிவிட்டார். இனி தினமும் 8 கிலோமீட்டர்தான் ஓட்டம். அதற்கு டீசல் கார் எதற்கு என்று எக்ஸ்சேஞ்ச் கேட்க ஒரு ஷோரூமுக்குப் போனார்.

ஷோரூம் சொன்ன விலை

அங்கே மதிப்பீட்டாளர் இருபது நிமிடம் பார்த்துவிட்டு 4,20,000 என்றார். 'லட்சம் தாண்டிடுச்சு மேடம், அதுக்கு மேல வராது' என்று காரணமும் சொன்னார். பேராசிரியை அன்று மாலை வருத்தத்தோடு என்னிடம் வந்தார். கையில் இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. 'இதுல 5,05,000ன்னு போட்டிருக்கே தம்பி, இது வண்டியோட மதிப்பு இல்லையா?' என்று கேட்டார்.

பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. பாலிசியில் இருப்பது ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு. முதல் 5 வருடத்துக்கு அது வயதை மட்டும் பார்த்துக் குறைகிறது: 6 மாதம் தாண்டினால் 15 சதவீதம், 1 வருடம் தாண்டினால் 20, 2 தாண்டினால் 30, 3 தாண்டினால் 40, 4 தாண்டினால் 50. 5 வருடத்துக்கு மேல் கம்பெனியும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகை. எந்த இடத்திலும் ஓட்டம் கணக்கில் வராது. 20,000 ஓடிய காருக்கும் 2 லட்சம் ஓடிய காருக்கும் அந்தச் சதவீதம் ஒன்றுதான். சந்தை அப்படிப் பார்ப்பதில்லை.

ஷோரூம் கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். இந்த வண்டியைத் தன்னால் என்ன விலைக்கு விற்க முடியும் என்று முதலில் வைத்துக்கொள்வார்கள். அதில் டயர், பெயின்ட், சர்வீஸ் செலவைக் கழிப்பார்கள். வண்டி யார்டில் நிற்கும் நாட்களுக்கும், தங்கள் லாபத்துக்கும், அதன் மேலுள்ள வரிக்கும் இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் நமக்குச் சொல்லும் விலை. அதனால் எக்ஸ்சேஞ்ச் விலை வெளிச்சந்தை விலையைவிடக் குறைவாக இருப்பதைத் தப்பு சொல்ல முடியாது. அலைச்சல் இல்லாததற்கும் பேப்பர் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வதற்கும் நாம் கொடுக்கும் கூலி அது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பது தனி. அதைக் கார் விலையோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். இங்கேயும் முதலில் சேர்த்துத்தான் சொன்னார்கள். பிரித்தபோதுதான் காருக்கு 4,20,000, போனஸ் 25,000 என்று தெரிந்தது.

லட்சம் என்கிற கோடு

99,000 ஓடிய காரிலும் 1,01,000 ஓடிய காரிலும் இரும்பு ஒன்றுதான், தேய்மானமும் ஒன்றுதான். விலை மட்டும் அந்த இடத்தில் படி இறங்குகிறது. வாங்குகிறவர் மனதில் முதல் இலக்கம்தான் நிற்கிறது. பேராசிரியை வணிகவியல் சொல்லிக் கொடுப்பவர், இதைத் தேடிப் படித்தார். அமெரிக்காவில் பழைய கார்களின் 2.2 கோடிக்கு மேற்பட்ட ஹோல்சேல் விற்பனைகளை ஆராய்ந்து 2012இல் மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் இதே விஷயம் இருக்கிறதாம். ஒவ்வொரு 10,000 மைல் கோட்டிலும் விலை சட்டென்று ஒரு படி கீழே இறங்குகிறது. எங்கள் பக்கம் அந்தப் படி பெரிதாகத் தெரிவது 50,000 கிலோமீட்டரிலும் ஒரு லட்சத்திலும்.

இன்னொரு அளவும் உண்டு. பெட்ரோல் வண்டி வருடத்துக்கு 10,000 முதல் 12,000, டீசல் 15,000 முதல் 20,000 ஓடியிருக்கலாம் என்று எங்கள் பக்க வியாபாரிகள் கண்ணளவாக வைத்துக்கொள்கிறார்கள். இவருடைய காரை ஆறு வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 20,000க்குக் கொஞ்சம் மேல். டீசலுக்கு அது பெரிய மிகை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதிய புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அதனால் தினமும் தூரம் ஓடுகிறவர்கள் இந்த வண்டியை இன்றும் தேடுகிறார்கள். ஷோரூமின் விலை குறைவு என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

அப்புறம், எப்படிப்பட்ட ஓட்டம் என்பதும் முக்கியம். இவருடையதில் பெரும்பகுதி திருச்சி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் டாப் கியரில் ஓடியது. அந்த ஓட்டத்தில் இன்ஜின் சூடாகி ஒரே நிதானத்தில் போகும், கிளட்ச் மிதிப்பது குறைவு, பிரேக் குறைவு. திருச்சி ஊருக்குள்ளே சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியே 50,000 ஓடிய காரின் கிளட்சை இந்த 1,24,300 காரின் கிளட்சோடு வைத்துப் பார்த்தால் எது இளையது என்று சொல்ல முடியாது. ஆனால் மீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. காட்ட வேண்டியது விற்கிறவர்தான்.

முதல் முடிவு: நேரடியாக விற்பது

ஷோரூமுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவருக்கு அவசரம் இல்லை, திருச்சிக்குள் போய்வர ஸ்கூட்டர் இருந்தது. பெயின்ட், பாலிஷ் என்று எதுவும் செலவு செய்ய வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாகப் பேப்பர்களைச் சேர்த்தோம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்த எல்லா சர்வீஸ் பில்களும் இருந்தன, மொத்தம் 14. ஒவ்வொன்றிலும் அன்றைய மீட்டர் அளவு இருக்கிறது. கூடவே ஃபாஸ்டேக் கணக்கையும் எடுத்தோம். வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று வருடக்கணக்கில் பதிவு. இது ஹைவே ஓட்டம் என்று வாயால் சொல்வதைவிட அந்தக் கணக்கு நன்றாகச் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு புரோக்கர் வந்தார். மீட்டரை 68,000க்குக் கொண்டுவந்துவிடலாம், அரை மணி நேர வேலை, 3,000 ரூபாய் செலவு, விலையில் எழுபதாயிரம் கூடும் என்றார். நான் இல்லாதபோது பேராசிரியையிடமே நேராகச் சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: 'அப்ப இந்தப் பதினாலு பில்லையும் என்ன பண்றது தம்பி, கிழிச்சுப் போடறதா?' அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருடைய மறுப்புக்கு நேர்மைதான் முதல் காரணம். ஆனால் கணக்கும் அவர் பக்கம்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். மீட்டரைக் குறைத்தால் கையில் இருக்கும் ஒரே நல்ல சாட்சியை அழிக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவை அழிக்கவும் முடியாது.

விளம்பரத்தில் 1,24,300 என்று முழு எண்ணையே போட்டோம். முதல் பத்து நாள் ஃபோன் குறைவாகத்தான் வந்தது. விற்பனைத் தளங்களில் தேடுகிறவர்கள் ஒரு லட்சத்துக்குள் என்று வடிகட்டிவிடுகிறார்கள், அவர்கள் கண்ணிலேயே நம் கார் படாது. ஆனால் வந்தவர்கள் தெரிந்து வந்தவர்கள். கரூருக்குத் தினமும் போய்வரும் ஒருவர் என் ஒர்க்‌ஷாப்பிலேயே வண்டியைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த பத்தாயிரத்துக்குள் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வரலாம் என்று நானே சொன்னேன். அதற்காக 15,000 குறைத்து 4,95,000க்கு முடிந்தது. ஷோரூம் கொடுக்க இருந்ததைவிட, போனஸைச் சேர்த்துப் பார்த்தாலும், 50,000 அதிகம். பணம் வந்த அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, ஃபாஸ்டேக்கை மூடி, ஆர்.சி. மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம்.

அதே வருடத்து, 70,000 ஓடிய டீசல் டிசையருக்கு அப்போது திருச்சியில் 5,75,000 கேட்டார்கள். கேட்ட விலையை விற்ற விலையோடு ஒப்பிடுவது முழுச் சரி இல்லை, இருந்தாலும் தோராயக் கணக்குக்குப் போதும். 54,000 கிலோமீட்டர் கூடுதல் ஓட்டத்துக்கு 80,000 குறைவு. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அப்போது டீசல் லிட்டர் 93 ரூபாய், 20 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் எரிபொருளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 65 காசு. ஓட்டத்தால் காரின் விலை விழுந்துவிட்டது என்று அவருக்கு இருந்த வருத்தம் இந்தக் கணக்கைப் பார்த்தபின் பாதியாகக் குறைந்தது.

வாங்கப் போன கார்: முதல் நாள்

அக்டோபரில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்தார். மீட்டர் 38,400. கேட்ட விலை 5,10,000. வருடத்துக்கு 7,500 ஓட்டம், ஒரே ஓனர், பளிச்சென்ற வண்டி. நானும் போனேன். ஓட்டிப் பார்த்தேன், இன்ஜின் சத்தம் நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கில் தேய்ந்த பளபளப்பு இல்லை, பிரேக் பெடல் ரப்பர் புதிதுபோல இருந்தது. சரி, வாங்கலாம் என்றேன். அவர் 10,000 அட்வான்ஸ் கொடுத்தார்.

இது என் தவறு. அன்று இன்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்துப் போகவில்லை. லிஃப்ட் இல்லாத இடத்தில் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தேன். புதிதாக இருந்தவற்றைப் பார்த்துத் திருப்திப்பட்டேனே தவிர, அவை ஏன் புதிதாக இருக்கின்றன என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் டயர் உறுத்தியது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் 2423. அதாவது 2023இன் 24ஆம் வாரம் தயாரானவை. 38,400 மட்டுமே ஓடிய காரில் கம்பெனி டயர் இன்னும் இருந்திருக்கலாம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய அவசியம் என்ன? வெயிலில் நின்று வெடித்துவிட்டது என்று காரணம் சொல்லலாம், அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது நாள் கண்டது

இரண்டு நாள் கழித்து ஸ்கேனரோடு போனோம். இந்த முறை பொறுமையாகப் பார்த்தேன். சீட் கவர் புதிது, ஆனால் அதன் அடியில் டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருந்தது, ஏறி இறங்கும்போது உரசும் பக்கம் அது. டிரைவர் சீட் பெல்ட்டின் விளிம்பில் நூல் பிசிறியிருந்தது, பக்கத்து சீட் பெல்ட் வழுவழுப்பாக இருந்தது. முன் பிரேக் டிஸ்க் தேய்ந்து, ஓரத்தில் நகத்தால் தடவினால் படியாக மாட்டியது. கிளட்ச் நன்றாக மேலே வந்துதான் பிடித்தது, அதுவும் தேய்மானம்தான். சீட் பெல்ட்டையும் பிரேக் டிஸ்கையும் மாற்றி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் சில நூறு ரூபாய்தான்.

கடைசியாக ஸ்கேனரைச் செருகினேன். வண்டியில் கோளாறு வந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கும். அதில் 'பிழைக் குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்' என்று ஒரு அளவு உண்டு. எல்லா வண்டியும் இதைக் கொடுக்காது. கொடுத்தாலும் 65,535க்கு மேல் எண்ணாது. குறியீட்டை அழித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதனால் எண் சின்னதாக இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் இந்த வண்டியில் அது 41,200 காட்டியது. மொத்தமே 38,400 ஓடிய கார், குறியீடு அழித்த பிறகு மட்டும் 41,200 ஓடியிருக்க முடியாது. மீட்டர் பலகையில் எண்ணை மாற்றியவர் இன்ஜின் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

மீட்டர் பழுதாகிப் புதியது மாட்டினாலும் எண் மாறும், அதில் தப்பு இல்லை. அதனால் ஆர்.சி.யில் இருந்த உரிமையாளரைத் தேடிப் பேசினோம். மருந்து விற்பனைப் பிரதிநிதி, மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிற வேலை. 'நான் குடுக்கும்போது தொண்ணூறு தாண்டியிருந்துச்சு சார்' என்றார். மீட்டர் மாற்றியதே இல்லை என்றார். அவர் சம்மதத்தோடு சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்தோம். கடைசிப் பதிவு 2022 நவம்பர்: 71,860 கிலோமீட்டர். அதன் பிறகு வெளியில் சர்வீஸ் செய்திருக்கிறார்.

எடுத்த முடிவும் காரணமும்

விலையைக் குறைத்து வாங்கலாமா என்று பேராசிரியை ஒரு நிமிடம் யோசித்தார். 95,000 ஓடிய காராகவே வைத்து 4 லட்சத்துக்குக் கேட்கலாமே என்பது அவர் எண்ணம். நான் வேண்டாம் என்றேன். ஓட்டம் அதிகம் என்பதைச் சரிக்கட்ட விலை இருக்கிறது. ஆனால் மீட்டரைத் தொட்டவர் வேறு எதைத் தொட்டிருப்பார் என்று தெரியாதபோது அதற்கு எந்த விலையும் போட முடியாது. மேலும் பொய் மீட்டரோடு வாங்கினால், நாளை விற்கும்போது அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார்.

கன்சல்டிங்கில், எங்களுக்கு வந்ததே இப்படித்தான் என்றார்கள். அட்வான்ஸ் ரசீதில் வண்டி எண்ணும் தொகையும் மட்டும்தான் இருந்தன, கிலோமீட்டர் இல்லை. நல்ல வேளையாக 38,400 என்று அவர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய விவரம் இருந்தது. அமெரிக்காவில் 1972லிருந்தே ஓடோமீட்டரை, அதாவது ஓட்டம் காட்டும் மீட்டரை, திருத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கே போகக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, போலீசில் மோசடிப் புகார், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. இன்னொன்று, மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 2 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. முதலில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு, இந்த விவரங்களோடு கடிதம் அனுப்புவது, ஒரு வாரத்தில் வராவிட்டால் ஆணையம் போவது என்று முடிவு செய்தோம்.

பின்னால் நடந்தது

ஆறாவது நாள் 10,000 திரும்ப வந்தது. தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கார், அதே 38,400, வேறொரு ஊர்ப் பெயரில் விளம்பரத்தில் வந்தது. தளத்துக்குப் புகார் செய்தோம், விளம்பரம் போய்விட்டது. ஆர்.சி. இன்னும் அந்த மருந்துப் பிரதிநிதி பெயரில்தான் இருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததை உரிமையாளர் அரசின் இணையப் போர்ட்டலில் தெரிவிக்கவும் வேண்டும். அவர் எதுவும் செய்திருக்கவில்லை. வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் காரை யார் வாங்கினார்களோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

பேராசிரியை டிசம்பரில் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 4,15,000க்கு வாங்கினார். மீட்டர் 82,600. எல்லா பில்லும் இருந்தன, சர்வீஸ் சென்டர் பதிவும் ஒத்துப்போனது. சஸ்பென்ஷன் புஷ், முன் பிரேக் பேட், பேட்டரி என்று 18,500 செலவானது. அதை வாங்கும் முன்பே கணக்கில் வைத்திருந்தோம். ஒரு வருடம் ஓடிய பிறகும் அதற்கு மேல் செலவு வரவில்லை. டிசையரை வாங்கியவர் 1,31,000இல் கிளட்ச் மாற்றினார், என்னிடமே வந்தார்.

இனி மாற்றிக்கொள்வது

ஸ்கேனர் இல்லாமல் கார் பார்க்கப் போவதில்லை. பார்த்த அன்றே சரி என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். டயர் தேதி, சீட் பெல்ட், பிரேக் டிஸ்க் மூன்றையும் முதலில் பார்க்கிறேன், ஸ்டியரிங்கும் பெடலும் அப்புறம்தான். ஓட்டம் குறைவு என்பதை மட்டும் நம்புவதும் இல்லை. 2014 மாடல், 14,000 மட்டுமே ஓடியது என்று ஒரு கார் சமீபத்தில் வந்தது. மீட்டர் உண்மைதான். ஆனால் நின்றே கிடந்ததில் டயர் கல்லாகியிருந்தது, ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்தன, பேட்டரி செத்திருந்தது. குறைந்த ஓட்டத்துக்காகக் கூடுதலாகக் கேட்ட பணத்தை அங்கேயே செலவழிக்க வேண்டியிருந்திருக்கும்.

விற்கிறவர்களிடம், லட்சத்தைத் தொடப் போகிற வண்டி என்றால் 95,000லேயே முடிவெடுங்கள் என்று சொல்கிறேன். இந்த நிகழ்விலும் 2023லேயே அவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அட்வான்ஸ் ரசீதில் இப்போது ஒரு வரி எழுதி வாங்கச் சொல்கிறேன்: 'இன்றைய மீட்டர் அளவு இவ்வளவு, இது உண்மையான ஓட்டம், வேறாக இருந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.' இதுவரை இரண்டு இடங்களில் அதை எழுத மறுத்தார்கள். இரண்டு காரையும் விட்டுவிட்டு வந்தோம்.